புஸ்தகத்தில் போட்டிருந்தபடி

மாமனாருக்குப் புத்தகம் படித்துக் காட்டும் வேலை கஸ்தூரிக்கு வந்து சேர்ந்தது, அவருக்கு இரண்டாவது கண்ணும் அவிந்துபோன வருஷம்.

ஏகநாதர் பாகூரில் பெரிய பண்ணைக்காரர். ஏரிப் பாசனத்தில் நாற்பது காணி நெல், அதற்கு அப்பால் பன்னிரண்டு காணி கரும்பு. கண் நன்றாக இருந்த காலத்தில், புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு ஜட்ஜு உத்தியோகம் முடிந்து கப்பலேறினார். அவர் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டபோது, ஏகநாதர் ஒரு சாய்வு நாற்காலியும் ஒரு பெட்டி நிறையப் புத்தகமும் எடுத்துக்கொண்டு வந்தார். எல்லாம் தோட்டப் புத்தகங்கள். எந்த மாதத்தில் எந்தப் பூ, எந்த மண்ணுக்கு எந்தச் செடி, வசந்தம் வருவதற்கு முன் என்ன செய்ய வேண்டும், வந்த பின் என்ன செய்ய வேண்டும் என்று தடித்தடியாக ஆறு புத்தகம். வழவழப்பான தாளில் வண்ணப் படங்கள். ஏகநாதருக்கு துரைமாரைப் பார்த்தால் சலாம் வைத்து நாலு வார்த்தை பேசுகிற அளவுக்கு பிரெஞ்சு வரும். படிக்க வராது. படங்களைப் பார்த்துக்கொண்டே இரண்டு வருஷம் ஓட்டினார் என்றுதான் கஸ்தூரி கேள்விப்பட்டிருந்தாள். பிறகு ஒரு கண்ணில் வெள்ளை விழுந்தது. அடுத்த கண்ணையும் அது விடவில்லை.

கஸ்தூரி புதுச்சேரிப் பெண். அவளுடைய அப்பா ஜவுளிக்கடையில் கணக்குப் பிள்ளை. பெண்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் அவளைப் பன்னிரண்டு வயது வரை படிக்க வைத்தார். அந்தப் படிப்பைப் பார்த்துத்தான் ஏகநாதர் மகன் உலகநாதனுக்கு அவளைக் கேட்டார்கள். அவனுக்குச் சைகோனில் சுங்க இலாகாவில் வேலை. பிரெஞ்சு தெரிந்த பெண்டாட்டி என்றால் அங்கே மதிப்பு என்றார்கள். கல்யாணமாகி ஆறாவது மாதம், வீடு பார்த்துவிட்டு அழைத்துக்கொள்கிறேன் என்று கப்பலேறினான். மூன்று வருஷமாக வீடு பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். கஸ்தூரிதான் மாமனாருக்குப் படித்துக் காட்டுவாள். கடைசி வரியில், 'கஸ்தூரி சௌக்கியமா?' என்று இருக்கும். அதையும் அவள்தான் வாய்விட்டுப் படிப்பாள். மாமனார் பதில் சொல்லச் சொல்ல அவளே எழுதுவாள். 'இங்கு யாவரும் சௌக்கியம்' என்று முடிப்பார்.

மாமியார் தையலம்மாள் அதிகம் பேசமாட்டாள். சாவிக்கொத்து அவள் இடுப்பில் இருக்கும். மருமகள் வெளிவாசல் தாண்டினால் அந்தச் சாவிக்கொத்துச் சத்தம் பின்னாலேயே வரும். கஸ்தூரி பாகூருக்கு வந்து ஏரியை ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தாள், கல்யாண ஊர்வலத்தில்.

சாப்பாடு முடிந்து மத்தியானம் கூடத்தில் நாற்காலியைப் போட்டுச் சாய்ந்துகொண்டு ஏகநாதர் கூப்பிடுவார். அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை விரித்து, முதலில் பிரெஞ்சில் ஒரு வரி, பிறகு தமிழில் ஒரு வரி படிக்க வேண்டும். படத்தையும் சொல்ல வேண்டும்.

முதல் நாள் நாலாவது வரியில் மாட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் அவள் படித்தது ஜெபமும் கணக்கும் ராஜாக்கள் கதையும். இந்தப் புத்தகத்தில் இருந்ததெல்லாம் பதியன் போடுவதற்கும் கவாத்துச் செய்வதற்கும் தோட்டக்காரர்கள் புழங்குகிற வார்த்தைகள். அவள் கேட்டதே கிடையாது. அந்த வார்த்தையின் மேலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

ஏகநாதர் கைத்தடியால் தரையில் தட்டினார். "இன்னா, நின்னுபோச்சு? இந்தப் படிப்புக்கா உன்னை மெனக்கெட்டுக் கட்டியாந்தோம்? புள்ளையும் பெத்துக் குடுக்கலை, நாலு வரி படிக்கவும் வரலை."

பிள்ளை பெறுவதற்குப் புருஷன் ஊரில் இருக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, தெரியாத வார்த்தையின் இடத்தில் தனக்குத் தோன்றியதைப் போட்டுச் சொன்னாள். "குளிர் விட்டதும், வேரைச் சுற்றி இருக்கிற மண்ணை விரல் நுனியால் கிளறிவிட வேண்டும். குழந்தையின் தலையைத் தடவுவதுபோல."

ஏகநாதர் தலையசைத்தார். "நல்லாத்தான் எழுதிக்கீறான். மேல படி."

அன்றிலிருந்து கஸ்தூரிக்குத் துணிச்சல் வந்தது. தெரிந்த வரியை உள்ளபடி சொன்னாள். தெரியாத வரியை இட்டுக்கட்டினாள். ஒரு மாதம் போனபின், தெரிந்த வரியைக்கூட மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். உள்ளுக்குள் அவளுக்கு ஒரு சிரிப்பு ஊறும். இந்த வீட்டில் அவள் சொல்லை யாரும் காதில் போட்டுக்கொண்டது கிடையாது. அதே சொல்லைப் புத்தகம் சொல்வதாகச் சொன்னால் வீடே கேட்டது.

முதலில் தனக்காக ஒன்று கேட்டுக்கொண்டாள். "வீட்டுப் பெண்கள் விடியற்காலையில் செடிகளுக்கு நடுவே உலவ வேண்டும், அவர்கள் மூச்சுப் பட்டால் மொட்டு சீக்கிரம் விடும் என்று போட்டிருக்கிறது மாமா."

கொல்லையில் இருந்தது நாலு நந்தியாவட்டையும் ஒரு செம்பருத்தியும்தான். ஆனாலும் மறுநாள் காலையில் ஏகநாதர் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, "கஸ்தூரியைக் கொல்லைப் பக்கம் வுடு. பின்னாலயே போவாத" என்றார். தையலம்மாள் சாவிக்கொத்தைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொல்லையின் கோடியில் கிளுவை வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கிணறு, அதை ஒட்டி ஒன்றரைக் காணி நிலம். பக்கிரி என்பவன் அதை வாரத்துக்கு, விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிரிட்டு வந்தான். அவன் பாட்டன் காலத்திலேயே, ஏகநாதரின் பாட்டன் வாய்வார்த்தையாக விட்டுக் கொடுத்த நிலம். நிலம் இவர்களுடையது, ஆனால் பக்கிரி குடும்பத்தை அதிலிருந்து எழுப்பக் கூடாது என்பது ஊருக்கே தெரிந்த பேச்சு. கிணற்றோரமாக அவன் பெண்டாட்டி கலியம்மாள் கனகாம்பரமும் சாமந்தியும் வைத்திருந்தாள். பறித்துக் கட்டி, செவ்வாய் வெள்ளியில் வில்லியனூர்க் கோயில் வாசலுக்குக் கொண்டுபோய் விற்பாள்.

முதல் நாளே கலியம்மாள் வேலியோரம் வந்துவிட்டாள். "சின்னம்மாவா? கல்யாணத்தன்னிக்குப் பார்த்தது. இளைச்சுப் பூட்டீங்க" என்று சொல்லி, ஒரு கை கனகாம்பரத்தை வேலிக்கு மேலாக நீட்டினாள். மூன்று வருஷத்தில் கஸ்தூரியின் முகத்தைப் பார்த்து ஒருத்தி இளைத்துப் போனாய் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பூவை அவள் தலையில் வைத்துக்கொள்ளவில்லை. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு தினமும் வேலியோரம் பேச்சு. கலியம்மாள் வாயாடி. வில்லியனூர்ச் சந்தையில் எவள் எவளோடு மல்லுக்கு நின்றாள், ரயிலடியில் எந்தப் பட்டாளத்துச் சொல்தா குடித்துவிட்டு விழுந்தான் எல்லாம் சொல்வாள். "உங்க புக்குல கனகாம்பரத்தைப் பத்தி இன்னா போட்டுருக்குது?" என்று ஒருநாள் கேட்டாள். கஸ்தூரி, "அந்தச் சீமையில் கனகாம்பரமே கிடையாது" என்றாள். "அப்பறம் இன்னா சீமை அது" என்றாள் கலியம்மாள்.

மார்கழியில் ஏகநாதருக்கு ஆசை முற்றிவிட்டது. புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக் கடையில் சொல்லி, மார்ச் மாதத்துக்குள் சீமையிலிருந்து முப்பது ரோஜாச் செடியும், வெங்காயம் மாதிரி கிழங்கு வைத்த பூச்செடிகளும், விதைப் பொட்டலங்களும் தருவிக்க ஏற்பாடு செய்தார். ஒரு மத்தியானம் கேட்டார்.

"எந்த இடத்துல வெக்கணும்னு போட்டுருக்குது, பாரு."

கஸ்தூரி பக்கத்தைப் புரட்டினாள். வடக்குக் காற்றைத் தடுக்கும் சுவர், சரளை மண் என்று என்னென்னவோ இருந்தது. அவள் மனசில் அப்போது இருந்தது ஒன்றுதான். கொல்லையோடு நிற்காமல் வேலியைத் தாண்டிக் கிணறு வரைக்கும் நடந்து போகலாம், கிணற்று மேட்டில் ஏறினால் ஏரி தெரியும்.

"கொல்லைக்குள் கூடாதாம் மாமா. வெளியே, ஊற்று வற்றாத கிணற்றுக்குப் பக்கத்தில், காலை வெயில் முழுசாக விழுகிற மண்ணில் வைக்க வேண்டுமாம்."

ஏகநாதர் கைத்தடியைத் தரையில் உருட்டினார். பிறகு மெல்ல, "பக்கிரியோட கிணத்துக்கொல்லை" என்றார்.

கஸ்தூரி அவசரமாக நிமிர்ந்தாள். "அந்த இடம் என்று போடவில்லை மாமா. கிணறு என்றுதான்..."

"நமக்கு வூட்டாண்ட வேற எந்தக் கிணறு இருக்குது? புஸ்தகத்துல தெளிவாத்தான போட்டுருக்குது?"

அப்போதே பக்கத்தைத் திருப்பி, தவறாகப் படித்துவிட்டேன், இது வேறு செடிக்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தவறாகப் படித்தேன் என்று ஒரு தடவை சொன்னால், மற்றதெல்லாம் சரியாகப் படித்தாயா என்று கேட்பார். காலை நடை போய்விடும். "ஆமாம் மாமா" என்றாள்.

மறுநாள் காலையில் கலியம்மாள் பூக்கூடை இல்லாமல் வேலியோரம் நின்றாள். "சின்னம்மா, பண்ணைக் காரியக்காரர் வந்து கெணத்தோரம் பூவெல்லாம் புடுங்கச் சொல்றாரு. புக்குல அப்படிப் போட்டுருக்குதாமே. நெஜமாவா? நீங்கதான படிச்சீங்க, நீங்க சொன்னா சரி."

கஸ்தூரி அவள் முகத்தைப் பார்க்காமல், "ஆமாம் கலியம்மா. அப்படித்தான் இருக்கிறது" என்றாள்.

கலியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப இன்னா பண்றது. வெள்ளைக்காரன் சும்மாவா எழுதியிருப்பான்."

கனகாம்பரத்தைப் பக்கிரியே பிடுங்கினான். அவனையே தோட்டத்துக்கு ஆளாகவும் போட்டார்கள். மாசிக் கடைசியில் மரப்பெட்டிகள் வந்தன. வைக்கோலும் பாசியும் சுற்றிய வேர்கள், காய்ந்த குச்சிபோல. ஏகநாதர் கைத்தாங்கலாகக் கிணற்றடிக்கு வந்து, ஒவ்வொரு செடியையும் தடவிப் பார்த்தார். கஸ்தூரி வேலி தாண்டி வந்து கிணற்று மேட்டில் நின்று ஏரியைப் பார்த்தாள். அக்கரையில் கொக்குகள் உட்கார்ந்திருந்தன. அந்தப் பதினைந்து நாள் அவளுக்குப் போதையாக இருந்தது. என்ன சொன்னாலும் நடந்தது. தையலம்மாள் பாலைப் பூட்டி வைத்துக்கொண்டு, மருமகளுக்கு மோர்கூடக் கணக்குப் பார்த்து ஊற்றுகிறவள். அவளை நோகடிக்கவே கஸ்தூரி ஒரு வரி படித்தாள். "வாரத்துக்கு ஒரு முறை ரோஜாவின் வேரில், கறந்த சூடு மாறாத பாலை ஊற்ற வேண்டும்." வெள்ளிக்கிழமைதோறும் செம்புச் செம்பாகப் பால் கிணற்றடிக்குப் போயிற்று. தையலம்மாள் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கஸ்தூரியும் பார்த்தாள். வெகு நாளைக்குப் பிறகு அன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

பாலுக்கு எறும்பு வந்தது. எறும்புக்குப் பின்னால் கரையான். புத்தகத்து வசந்தம் மார்ச்சில் பனி உருகித் தொடங்கியது. பாகூரில் பங்குனி வெயில் காலை ஒன்பது மணிக்கே முதுகைப் பிளந்தது. பக்கிரி விடிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் ஏற்றம் இறைத்துத் தண்ணீர் விட்டான். தென்னங்கீற்று முடைந்து செடிக்கு நிழல் கட்டினான். "இதுங்க நம்ம மண்ணுக்கு இல்லை சின்னம்மா. புள்ளைய அடுப்பாண்ட ஒக்கார வெச்சாப்பல கீது" என்றான். சித்திரை பிறந்தபோது ஒரு செடிகூடப் பச்சையாக இல்லை. கிழங்குகள் மண்ணுக்குள்ளேயே வெந்து நாறின.

ஏகநாதர் கிணற்றடிக்கு வந்து குனிந்து செடியைத் தொட்டார். விரலில் ஒடிந்தது. அடுத்ததைத் தொட்டார். அதுவும் ஒடிந்தது. முப்பதையும் தொட்டு ஒடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தப் புஸ்தகத்தைக் கொண்டா. ஏன் பட்டுபோச்சுன்னு அதுலயே போட்டுருக்கும். இங்கியே படி."

கஸ்தூரி புத்தகத்தை எடுத்து வந்தாள். அதற்குள் பக்கிரியும் கலியம்மாளும் வந்து நின்றிருந்தார்கள். காரியக்காரர் நாகராஜன், பண்ணையாட்கள் நாலைந்து பேர், வழியில் போனவர்கள் என்று ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. பக்கத்தைத் தேடினாள். செடிகள் கருகுவது பற்றி ஒரு பாகம் இருந்தது. அதில் முதல் வரியே அவளுக்கு நன்றாகப் புரிந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் புரியும் வார்த்தைகள். வெப்ப நாடுகளில் இந்தச் செடிகளை வளர்க்க முயல வேண்டாம், அவை பிழைக்கா.

அதைப் படித்தால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். பால் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, கிணறு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற கேள்வி வரும்.

"உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றினால் வேர் வெந்துபோகும். செடி முழுசாகப் பட்டால் அது தோட்டக்காரனுடைய அசட்டையால்தான்" என்றாள்.

ஏகநாதர் தலையைத் திருப்பினார். "மத்தியானத்துல ஊத்தினியாடா?"

"இல்லீங்கய்யா. காத்தால ஒரு தபா, சாயந்தரம் ஒரு தபா. மத்தியானத்துல தொட்டதே கெடையாது."

"அப்ப புஸ்தகம் பொய் சொல்லுதா? இல்ல எம் மருமவ பொய் சொல்றாளா?"

பக்கிரி கஸ்தூரியைப் பார்த்தான். கூட்டமும் பார்த்தது. கஸ்தூரி புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னம்மா அப்படிச் சொல்லமாட்டாங்க" என்றான் பக்கிரி.

ஏற்றக்காலில் அவனைக் கட்டினார்கள். நாகராஜன் புளிய மிளாறு வெட்டி வந்தார். முதல் அடிக்கு முன்னால் ஏகநாதர், "எல்லாரும் கேக்கணும். அந்த வரியை இன்னொரு தபா படி. முதல்ல பிரெஞ்சில" என்றார். கஸ்தூரி பக்கத்தில் இருந்த வரியையே பிரெஞ்சில் படித்தாள். இந்தச் செடிகள் பிழைக்கா என்ற அதே வரி. பிறகு தமிழில், தோட்டக்காரனுடைய அசட்டை என்று சொன்னாள். மாமனாரின் நாலு வார்த்தை சலாம் வைக்கத்தான் உதவும், அந்தக் கூட்டத்தில் வேறு பிரெஞ்சு தெரிந்தவர் யாரும் இல்லை என்று நினைத்தாள். மூன்று முறை படிக்கச் சொன்னார். மூன்று முறையும் படித்தாள். மூன்றாவது முறை குரல் நடுங்கவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது.

அடி நின்ற பிறகும் ஏகநாதர் போகவில்லை. "தண்ணி ஊத்தின கை எது?" என்று கேட்டார். நாகராஜன் அவனுடைய வலது கையைக் கிணற்றுக் கல்லின் மேல் வைத்து அமுக்கிப் பிடித்தார். பண்ணையாள் ஒருவன் கடப்பாறையின் பின்பக்கத்தால் ஓங்கி ஒரு முறை அடித்தான். பக்கிரி கத்தவில்லை. கலியம்மாள்தான் மண்ணில் விழுந்து புரண்டாள். கஸ்தூரி வீட்டுக்குள் வந்து புத்தகத்தைப் பெட்டியில் வைத்து மூடினாள். கொல்லையில் போய் வாந்தியெடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, மாமனாருக்குச் சாப்பாடு போட்டாள்.

மூன்றாம் நாள் பக்கிரி குடும்பம் ஊரை விட்டுப் போயிற்று. ஊர் நிர்வாகம் பார்க்கும் கம்யூன் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து விசாரித்தார். அவ்வளவு விலையுள்ள சீமைச் செடியைப் பாழாக்கினான், புத்தகத்திலேயே இருக்கிறது என்றார் ஏகநாதர். வந்தவர் புத்தகத்தின் அட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

ஆடியில் ஒருநாள் ஏகநாதர் வண்டி கட்டிப் புதுச்சேரிக்கு நொத்தேரிடம் போய்ப் பத்திரம் எழுதிவிட்டுத் திரும்பினார். கிணற்றுக்கொல்லை முழுவதும் கரும்புக்கு உழுதாயிற்று. மத்தியானம் வழக்கம்போலக் கஸ்தூரியைக் கூப்பிட்டார். அவள் புத்தகத்தை விரித்தாள். படிக்க வாயெடுக்கும் முன், அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இன்னாசிமுத்துன்னு ஒருத்தர் இங்க கம்யூன் ஆபீசுல எழுத்தரா இருந்தாரு. நீ வர்றதுக்கு முன்ன. இப்ப காரைக்கால்ல கீறாரு. எனக்குக் கண்ணு தெரிஞ்சப்ப சாயந்தரம் சாயந்தரம் வந்து இந்த ஆறு புஸ்தகத்தையும் அவர்தான் படிச்சுக் காட்டினாரு. ரெண்டு தபா. எந்தப் பக்கத்துல இன்னா இருக்குதுன்னு எனக்கு மனப்பாடம்."

கஸ்தூரி விரித்த பக்கத்தின் மேல் கையை வைத்தாள்.

"குழந்தைத் தலையைத் தடவுறாப்பல மண்ணைக் கிளறச் சொன்னியே, மொத நாளு. அது புஸ்தகத்துல இல்லை. நல்லாத்தான் இருந்துச்சு. எவ்ளோ தூரம் போறான்னு பாக்கலாம்னு வுட்டேன். கெணத்தாண்ட வந்து நின்ன பாரு, அப்பதான் எனக்கே தோணிச்சு. எங்கப்பா காலத்திலருந்து அந்தப் பக்கிரி வகையறாவை எழுப்ப முடியலை. எழுப்பினா ஊரு காறித் துப்பும். நீ எழுப்பிக் குடுத்துட்ட. உம் மேலயும் தப்பு இல்லை, எம் மேலயும் தப்பு இல்லை. புஸ்தகத்துல போட்டுருந்துச்சு."

"செடி பிழைக்காது என்று உங்களுக்குத் தெரியுமா, மாமா?"

"வெப்ப நாட்டுல வெக்காதன்னு மொத வரியே போட்டுருக்குதே. கெணத்தாண்ட நீ அதைப் பிரெஞ்சில மூணு தபா படிச்ச. நான் கேட்டுகினுதான் இருந்தேன்."

அவள் அழுதாள். அவர் அழுது முடியும் வரை காத்திருந்தார். பிறகு நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"வாய்க்காலோரம் தனக்கொடி வூட்டுப் புன்செய் கீது. புருஷன் செத்த பொம்பளை, குடுக்கமாட்டேன்றா. அங்கியே வாய்க்கால் போவுது. பூச்செடிக்கு ஓடுற தண்ணி வேணும்னு போட்டுருக்குமே. பாரு."

கஸ்தூரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"உலகநாதனுக்கு இந்த வாரம் காயிதம் எழுதணும். உன்னைக் கூட்டிக்கச் சொல்லி எழுதறதா, இல்ல வேற பொண்ணு பாக்கறோம்னு எழுதறதான்னு யோசனையா கீது. நீதான் எழுதப் போற. எது எழுதறன்னு நீயே சொல்லு."

தையலம்மாள் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் எல்லாம் தெரிந்தவள்போலத்தான் நின்றாள். பால் போனபோதுகூட ஒரு வார்த்தை பேசாததன் காரணம் கஸ்தூரிக்கு இப்போது புரிந்தது.

பக்கத்தைப் புரட்டினாள். வெளியே ஏர் பூட்டிய மாடுகளை யாரோ அதட்டும் சத்தம் கேட்டது.

"ஓடுகிற தண்ணீருக்கு இருபது அடி தூரத்துக்குள்" என்று தொடங்கினாள். கனைத்துவிட்டு மறுபடியும் தொடங்கினாள்.

தனக்கொடி ஐப்பசியில் எழுதிக் கொடுத்தாள். கார்த்திகையில் கஸ்தூரியின் தம்பிக்குக் கல்யாணம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து தாய்வீட்டுக்கு அனுப்பாத ஏகநாதர், பத்து நாள் இருந்துவிட்டு வா என்று வண்டி கட்டி அனுப்பினார். பட்டுப் புடவை ஒன்றும் எடுத்துக் கொடுத்தார். அவளைக் கூட்டிக்கொள்ளச் சொல்லிச் சைகோனுக்குப் போன கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

அரியாங்குப்பத்துக்கு இந்தப் பக்கம் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெயிலில் வரிசையாக ஆணும் பெண்ணும் உட்கார்ந்து செம்பாறாங்கல் உடைத்தார்கள். வண்டி மெல்ல ஊர்ந்தபோது ஒருத்தி எழுந்து ஓடிவந்தாள். தலையில் செம்மண், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பேச்சு மட்டும் மாறவில்லை.

"சின்னம்மா, நீங்களா? தாய்வூட்டுக்கா? நல்லா இருக்கீங்களா?"

கஸ்தூரி வண்டியை நிறுத்தச் சொன்னாள். கலியம்மாளுக்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில், பக்கிரி இடது கையால் சுத்தியைப் பிடித்துக் கல் உடைத்துக்கொண்டிருந்தான். வலது கை மடியில் கிடந்தது, விரல்கள் உள்ளே மடங்கி.

"அந்தக் கை எலும்பு கூடவே இல்லை சின்னம்மா. அரைக் கூலிதான் தர்றாங்க" என்றாள் கலியம்மாள். "வேணும் இந்த மனுஷனுக்கு. நான் சொல்லலை, புத்தி கெட்டுப்போய் மத்தியானத்துல ஊத்தியிருக்காரு. கேட்டா இல்லைன்னு சாதிக்கறாரு. தெனம் இதே சண்டைதான். மூணு தலைமுறை மண்ணை ஒரு செம்புத் தண்ணியில தொலைச்சுட்டாருன்னு நான் பேசாத பேச்சு இல்லை. பெரியவன்கூட அப்பனாண்ட பேசறதில்லை."

கஸ்தூரி வண்டியிலிருந்து இறங்கிவிட்டாள். வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். அவள் கலியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கலியம்மா, அந்தப் புத்தகத்தில் அப்படி இல்லை. மத்தியானத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நானாகச் சொன்னேன். கிணற்றுப் பேச்சும் நானாகச் சொன்னதுதான். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை."

கலியம்மாள் அவளையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்தது. பிடித்த கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"உங்க மனசு யாருக்கு வரும். இந்த ஆளைத் திட்றேன்னுதான அப்படிச் சொல்றீங்க. எங்களுக்காகப் பாவத்தை உங்க தலையில போட்டுக்காதீங்க. நீங்களே மூணு தபா வெள்ளைக்கார பாஷையில படிச்சீங்களே, நான் காதால கேட்டேனே. அது பொய்யாவுமா."

"கலியம்மா, நான் சொல்வதைக் கேள்..."

"கேட்டுகினுதான் கீறேன். போங்க சின்னம்மா, வெயில் ஏறுது. மேஸ்திரி பாத்தா கூலியைப் புடிச்சுப்பான்."

பக்கிரி தலையை நிமிர்த்தியிருந்தான். அவனுக்கு எல்லாம் கேட்டிருந்தது. சுத்தியைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலில் கையை ஊன்றி, கஸ்தூரியைப் பார்த்தபடி அப்படியே இருந்தான். கலியம்மாள் திரும்பிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னா பாத்துகினு கீற? அந்த அம்மாவே உனக்காகப் பொய் சொல்லுது. வெக்கமா இல்லை?" என்றாள். மேஸ்திரி அந்தப் பக்கமாக வந்தார். பக்கிரி சுத்தியை எடுத்துக்கொண்டான்.

தாய்வீட்டில் கஸ்தூரி பத்து நாள் இருந்தாள். பாகூரில் நன்றாக வைத்துக்கொள்கிறார்கள்போல, பட்டு எல்லாம் எடுத்துத் தந்திருக்கிறார்கள் என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். பதினோராம் நாள் காலையில் வண்டி வாசலில் வந்து நின்றது. ஏறி உட்கார்ந்ததும் வண்டிக்காரனிடம், "அரியாங்குப்பம் வழியாக வேண்டாம். வில்லியனூர் வழியாகப் போ" என்றாள்.

"அது சுத்து வழிம்மா. பொழுது சாஞ்சுடும். பெரியவரு மத்தியானத்துக்குள்ள வரச் சொன்னாரு, புக்கு படிக்கணுமாம்."

"பரவாயில்லை. போ" என்றாள் கஸ்தூரி.